ஊரோடு வரும் நஷ்டமும் தனியாக வரும் நஷ்டமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் கேத்தி பாலாடா பக்கம் கேரட் போடுகிறவர் யாரும் அறுவடை விலை தெரிந்து விதைப்பதில்லை. மூன்று, மூன்றரை மாதம் கழித்து மேட்டுப்பாளையம் மண்டியில் என்ன விலை நிற்கும் என்று சொல்ல ஆளே கிடையாது. விதை, உரம், மருந்து, களையெடுக்க ஆள், கழுவு கூலி, லாரி வாடகை என்று எல்லாம் முன்பணம். நடுவில் காட்டுப்பன்றி வரும், காட்டுமாடு வரும், மழை விடாமல் பெய்தால் அழுகல் வரும். இத்தனைக்கும் கடன் வாங்கி இறங்குகிற அதே மனிதரிடம், "ஊட்டியில் நாலு ஓட்டலுக்கு நேரில் போய், வாரம் 20 கிலோ நானே கொண்டுவந்து தருகிறேன் என்று கேட்டுப் பாருங்களேன்" என்றால் தயங்குவார். பஸ் டிக்கெட்டும் அரை நாளும்தான் செலவு. ஆனாலும் போக மாட்டார்.

மலைப்பகுதிப் பிள்ளைகளுக்கு ரிஸ்க் எடுக்கும் துணிவில்லை, ஊக்கம் போதவில்லை என்று மேடைகளில் பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. இங்கே ஒவ்வொரு வீடும் கேட்காமலேயே வந்த ரிஸ்க்கைத் தலைமுறையாகச் சுமக்கிறது. பச்சைத் தேயிலை விலை நம் கையில் இல்லை. டிசம்பர், ஜனவரி உறைபனி நம் கையில் இல்லை. ஐப்பசி மழையில் ரோட்டில் மண் சரிந்தால் காய் லாரி எத்தனை மணிக்குக் கீழே இறங்கும் என்பதும் நம் கையில் இல்லை. ஆக, துணிவு இல்லாத ஊர் இது என்ற பேச்சு எடுபடாது.

கேரட் விலை விழுந்தால் ஊருக்கே விழுகிறது. "இந்தத் தடவை எல்லாருக்கும் அடி" என்று டீக்கடையில் பேசி முடித்துவிடலாம். ஓட்டல்காரர் வேண்டாம் என்று சொன்னால் அது அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்தது. "இவனுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று கேட்க ஊரில் பத்துப் பேர் இருப்பார்கள். ஐம்பது, அறுபது வீடு உள்ள ஹட்டியிலோ (படகர் ஊர்) எஸ்டேட் லைனிலோ (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) அந்தப் பேச்சு அன்று சாயங்காலமே எல்லா வீட்டுக்கும் போய்விடும். கல்யாணப் பேச்சு வரை அது வந்து நிற்கும். நகரத்தில் கடை மூடினால் எதிர் வீட்டுக்காரருக்கே தெரியாது. இங்கே பயம் முக்கால்வாசி பணத்தைப் பற்றியது இல்லை, பேரைப் பற்றியது. இது புரியாமல் "பயப்படாதே, துணிந்து இறங்கு" என்று எழுதினால் படிக்கிற பிள்ளைக்கு ஒன்றும் பயனில்லை.

ஆகவே புதிதாக ஒன்றில் இறங்க நினைக்கிறவர் முதலில் மூன்று கணக்கைத் தனித்தனியாக எழுதிப் பார்க்க வேண்டும். இது தோற்றால் எவ்வளவு பணம் போகும், எத்தனை மாதம் போகும், யார் யார் என்ன சொல்வார்கள். மூன்றையும் ஒன்றாகக் குழைத்து "பயமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அதற்கு மருந்து கிடையாது. பிரித்து எழுதினால் பெரும்பாலும் ஒன்றுதான் கனமாக இருக்கும். அதற்கு மட்டும் வழி பார்த்தால் போதும்.

டேனியல் கானேமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியல் அறிஞர்கள் 1979இல் வெளியிட்ட ஆய்வும், 1992இல் அதை விரித்து எழுதியதும் இதற்கு உதவும். 100 ரூபாய் போனால் வருகிற வலியைச் சரிக்கட்ட 200 ரூபாய்க்கு மேல் வர வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் கண்ட சுமாரான கணக்கு. படித்தவர், படிக்காதவர், மலை, சமவெளி என்ற பேதமில்லாமல் மனித மனம் பொதுவாக இப்படித்தான் எடை போடுகிறது. எனவே வரப்போகும் லாபத்தை எவ்வளவு அழகாக வர்ணித்தாலும் கால் நகராது. நஷ்டத்தைச் சின்னதாக்கினால் நகரும். ஊக்கம் வந்த பிறகு இறங்கலாம் என்று காத்திருப்பவர்கள் காத்துக்கொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம். தோற்றாலும் தாங்கும் அளவில் ஒன்றைச் செய்து முடித்தால் அதிலிருந்துதான் அடுத்ததற்கான ஊக்கம் பிறக்கிறது.

ஒரு உதாரணத்தை முழுதாகவே சொல்கிறேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை, இலையை ஃபாக்டரிக்கு மட்டும் போடாமல் கையால் செய்த கிரீன் டீ விற்கலாம் என்று நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக நடப்பது என்ன? மெஷின் விலை விசாரிப்பார்கள், பல லட்சம் என்று தெரிந்ததும் வீட்டில் சண்டை வரும், அதோடு முடிந்தது. முதல் படிக்கு மெஷினே வேண்டாம். இரண்டு கிலோ இலை போதும். ஃபாக்டரிக்குப் போட்டால் அந்த இலைக்கு வரும் காசு ஒரு பிரியாணிப் பொட்டலத்துக்கும் காணாது. போனால் போகட்டும் என்று யாரும் விட்டுவிடக்கூடிய தொகை.

இலை இரண்டு இலை ஒரு மொட்டாக, கையால் கிள்ளியதாக இருக்க வேண்டும். கத்தரி போட்டு எடுத்த முற்றல் இலை இதற்கு ஆகாது. தோட்டத்தில் மருந்து அடித்திருந்தால் லேபிளில் போட்டிருக்கும் இடைவெளி நாள் கழிந்த பிறகே பறிக்க வேண்டும். பறித்ததைச் சாக்கில் திணித்துவைத்தால் உள்ளே சூடேறிச் சிவந்துவிடும். கூடையில் தளர்வாக எடுத்துவந்து அன்றைக்கே வேலையை முடிக்க வேண்டும். இட்லிக் குண்டானில் தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆவி வந்த பிறகு, துணி விரித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இலையைப் பரப்பி ஒன்றிலிருந்து இரண்டு நிமிஷம் அவிக்கவும். இங்கேதான் அதிகம் பேர் தவறுவது. மொத்தத்தையும் ஒரே தடவையில் அடைத்தால் நடுவிலிருக்கும் இலைக்கு ஆவி போகாது. இலையைச் சிவக்க வைக்கும் நொதி சாகாமல் பிழைத்துக்கொள்ளும், ஓரம் செம்பு நிறமாகி டீ கறுக்கும். அதிக நேரம் விட்டால் கீரை மசித்த மாதிரிக் குழைந்து வாசனை போய்விடும். அவித்ததும் உடனே விசிறி ஆற்றி, மூங்கில் பாயில் வைத்துக் கால் மணி நேரம் உருட்டித் தேய்க்க வேண்டும். பிறகு அடிகனமான சட்டியில் மிகக் குறைந்த தீயில் கை விடாமல் கிளறிக் காயவைக்க வேண்டும். காம்பை வளைத்தால் மளுக்கென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது, பத்து நாளில் பூசணம் பிடிக்கும். டப்பாவில் போட்டு மூடி, மறுநாள் திறந்து மறுபடி ஒடித்துப் பார்க்கவும். வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நின்றிருந்தால் அப்போது தெரிந்துவிடும், இன்னொரு தடவை காயவைக்கலாம். பூண்டு, வெங்காயம் இருக்கும் அலமாரியில் வைத்தால் டீயே பூண்டு வாசனை அடிக்கும்.

நாலிலிருந்து நாலரை கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள் என்பது பொதுக் கணக்கு. இரண்டு கிலோவுக்கு 450 கிராம் அளவில் வரும். முதல் தடவை நிச்சயம் கோணலாகத்தான் வரும். மூன்றாவது, நாலாவது தடவையில் கை பழகும். இதுவரை ஊரில் யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பேர் கெடும் என்ற பயத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை: முதல் சில தோல்விகள் சமையற்கட்டுக்குள்ளேயே முடிந்துவிட வேண்டும். ஃபேஸ்புக்கில் பெயரும் லோகோவும் போட்டுவிட்டுத் தொடங்குகிறவர்கள் இந்த வசதியைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள்.

அடுத்த படி, 50 கிராம் பொட்டலம் எட்டு. சொந்தக்காரர் அல்லாத எட்டுப் பேருக்குச் சாம்பிள். அத்தையும் சித்தப்பாவும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அந்தப் பாராட்டை நம்பி ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கக் கூடாது. குறை சொல்கிறவரிடம் என்ன குறை என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். விற்கிற நிலை வந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு கட்டாயம். சிறு அளவுத் தயாரிப்புக்கு அதை ஆன்லைனிலேயே எடுக்கலாம், பெரிய செலவில்லை. பொட்டலத்தில் பதிவு எண், நிகர எடை, பொதிந்த தேதி, முகவரி இருக்க வேண்டும். அதன் பிறகு எத்தனை பொட்டலம் போனது என்று பார்ப்பதைவிட, காசு கொடுத்து வாங்கியவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை தாங்களாகவே கேட்டார்கள் என்று எண்ணுங்கள். முதல் தடவை பாவம் பார்த்தும் வாங்குவார்கள், ஆசைக்கும் வாங்குவார்கள். இரண்டாம் தடவைதான் உண்மையான சந்தை. அந்த எண்ணிக்கை கையில் வந்த பிறகுதான் கடன் பற்றிய பேச்சே.

கடன் என்றதும் மானியம் நினைவுக்கு வரும். மானியத்துக்காகத் தொழில் தொடங்குவது இங்கே அடிக்கடி நடக்கிற தவறு. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மானியத் தொகை கையில் வராது. வங்கியில் மூன்று ஆண்டு முடங்கிக் கிடந்து, தொழில் நடந்துகொண்டிருந்தால்தான் கடனில் கழியும். அதுவரை தவணை கட்ட வேண்டியவர் நாம்தான். சின்ன அளவில் தேவையென்றால் முத்ரா கடன் திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை ஈடில்லாமல் கேட்கலாம். மாவட்டத் தொழில் மையத்துக்கும் வங்கிக்கும் போகும்போது வாய்ப்பேச்சைவிட, அந்த எட்டுப் பொட்டலக் கணக்கை எழுதிய நோட்டு அதிகம் பேசும்.

இன்னொரு விஷயம், இதைத் தேயிலைக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். கவாத்து வெட்டினால், அதாவது கிளைகளை வெட்டிவிட்டால், சில மாதம் இலை கிடையாது, ஆனால் செடி இருக்கிறது. வேரோடு பிடுங்கிவிட்டால் மறுபடி நட்டு ஒழுங்காக இலை எடுக்க மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். எடுக்கப்போகும் ரிஸ்க் கவாத்தா, பிடுங்கலா என்று கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஆறு மாத விடுப்பில் வேறு வேலை பார்ப்பது கவாத்து. சண்டை போட்டுக்கொண்டு ராஜினாமா செய்வது பிடுங்கல். கால் ஏக்கரில் புரோக்கோலி, லெட்யூஸ் மாதிரி சைனீஸ் காய்கறி போட்டுப் பார்ப்பது கவாத்து. பட்டாவை அடமானம் வைப்பதும், அம்மாவின் நகையை வைத்துக் கடை அட்வான்ஸ் கொடுப்பதும் பிடுங்கல். முதல் வகையில் தாராளமாக இறங்கலாம். இரண்டாவதற்கு, வீட்டுச் செலவுக்கு ஆறு மாதப் பணம் தனியாகக் கண்ணில் தெரியாமல் கை வைக்கக் கூடாது என்பது என் கருத்து. ஆன்லைன் ரம்மியையும் கந்துவட்டிப் பணத்தில் ஷேர் வாங்குவதையும் ரிஸ்க் என்ற கௌரவமான பெயரால் அழைப்பதை முதலில் நிறுத்த வேண்டும்.

தொழில் மட்டும்தான் ரிஸ்க் என்றில்லை. பந்தலூரிலோ கூடலூரிலோ பட்டம் முடித்த பெண் கோவைக்கு வேலைக்குப் போவதும், நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து பேசுவதும் ரிஸ்க்தான். இங்கே பணம் சின்னது, பயம் பெரியது. இதற்கு உளவியலில் நிலைத்த முறை ஒன்று உண்டு. பயமுறுத்தும் காரியங்களைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்த வேண்டும். பத்து மதிப்பெண் உள்ளதில் முதலில் கை வைக்கக் கூடாது. மூன்று, நாலு மதிப்பெண் உள்ளதில் தொடங்க வேண்டும். வங்கி கவுண்டரில் ஒரு சந்தேகம் கேட்பது மூன்றாக இருக்கலாம். முன்பின் தெரியாத கம்பெனிக்குப் போன் போட்டு வேலை காலியா என்று விசாரிப்பது ஐந்து. கிராம சபையில் எழுந்து கேள்வி கேட்பது ஏழு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. காசில்லாமல் கிடைக்கும் இதைவிட நல்ல பயிற்சி மேடை எந்தப் பயிலகத்திலும் கிடையாது. தெருவிளக்கு எரியவில்லை என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

ஒரே காரியத்தைப் பயம் பாதியாகும் வரை திரும்பத் திரும்பச் செய்த பிறகுதான் அடுத்ததற்குப் போக வேண்டும். நடுவில் ஓடி வந்துவிட்டால் பயம் கூடும். ஓடியதால்தான் தப்பித்தோம் என்று மனசு கணக்கு எழுதிக்கொள்ளும். அதனால்தான் முதல் படியை ஓட வேண்டிய அவசியமே வராத அளவுக்குச் சின்னதாக வைப்பது.

"முயற்சி பண்றேன்" என்று சொல்வதால் எதுவும் நடக்காது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியல் அறிஞர் 1999இல் தொகுத்துக் காட்டியது இது: இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், இன்னது நடந்ததும் இதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் பொதுவாகத் தீர்மானித்தவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள். "செவ்வாய்க்கிழமை இலை எடை போட்டு வீட்டுக்கு வந்ததும், கை கால் கழுவும் முன் அந்த ஓட்டலுக்குப் போன் போடுவேன்." இந்த அளவுக்குக் குறிப்பாக இருக்க வேண்டும். அவர்கள் எடுக்கவில்லை என்றால் என்ன செய்வது என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

அரசுத் தேர்வுக்குப் படிப்பதும் இதில் சேரும். குரூப் 4 எழுதுகிற பிள்ளைகள் பலர் ஆண்டுக்கணக்கில் அதிலேயே நிற்கிறார்கள். பணம் போவதில்லை என்பதால் யாரும் அதை ரிஸ்க் என்று நினைப்பதில்லை, போவது வயது. தொடங்கும் நாளிலேயே பழைய வினாத்தாள் ஒன்றை 3 மணி நேரத்தில், 200 கேள்வியும் எழுதிப் பார்த்து 300க்கு எவ்வளவு என்று குறித்துவைக்க வேண்டும். நாலு மாதம் கழித்து வேறொரு தாள். மதிப்பெண் ஏறியிருந்தால் தொடரலாம். ஏறவில்லை என்றால் படிக்கும் விதத்தை மாற்ற வேண்டும். மூன்றாம் முறையும் அதே இடத்தில் நின்றால் ஒரு வேலையில் சேர்ந்துகொண்டு சாயங்காலம் படிக்கலாம்.

எந்த முயற்சிக்கும் நிறுத்தும் இடத்தை முன்னாலேயே எழுதிவைக்க வேண்டும்: இவ்வளவு ரூபாய், இந்தத் தேதி, அதற்கு மேல் இல்லை. எழுதிய தாள் நம்மிடமே இருந்தால் அந்தத் தேதி வரும்போது "இன்னும் ரெண்டு மாசம் பார்க்கலாம்" என்று நாமே திருத்திவிடுவோம். முயற்சியில் பங்கில்லாத, நம்மிடம் கண்டிப்பாகப் பேசக்கூடிய ஒருவரிடம் அது இருக்கட்டும். மகளிர் குழுவில் கணக்கு எழுதும் அக்கா மாதிரி ஒருவர் இதற்குப் பொருத்தம். அப்பாவிடம் மட்டும் கொடுக்க வேண்டாம். அவர் முதல் மாதமே நிறுத்தச் சொல்வார்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒருவருக்குத் தன்னால் முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஆல்பர்ட் பந்தூரா 1977இல் நாலு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து முடித்த அனுபவம் எல்லாவற்றையும்விட வலுவானது. தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது அதற்கு அடுத்தது. பிறர் சொல்லும் ஊக்க வார்த்தைக்கு அதற்குப் பிறகுதான் இடம். உடல், மன நிலை நாலாவது. நம் பத்திரிகைகளின் இளைஞர் பக்கங்கள் மூன்றாவதையே வாரந்தோறும் வழங்குகின்றன. இரண்டாவதற்கு இடம் கொடுங்கள். நீலகிரியிலோ கொடைக்கானல் மலையிலோ புதிதாக ஒன்று செய்தவரைப் பற்றி எழுதும்போது, முதலில் போட்ட பணம் எவ்வளவு, வருமானமில்லாமல் போனது எத்தனை மாதம், அந்த மாதங்களில் வீட்டுச் செலவை யார் பார்த்தார்கள், எதில் கைசுட்டது என்ற விவரங்களையும் கேட்டு அச்சிடுங்கள். கைவிட்டவர்களையும், அவர்கள் சம்மதித்தால், பேர் போடாமலாவது பேட்டி எடுங்கள். ஏன் நின்றுபோனது என்பதிலிருந்து படிக்கிற பிள்ளைக்குக் கிடைப்பது அதிகம்.

கடைசியாக, எப்போது தொடங்குவது என்பது. ஏப்ரல், மே சீசனில் மலையில் எதை வைத்தாலும் விற்கும். வாங்குகிறவர் மறுபடி வரப்போவதில்லை என்பதால் அந்த விற்பனை எதையும் நிரூபிக்காது. போதாததற்கு இப்போது வண்டிகளுக்கும் வரம்பு வந்துவிட்டது. 2024 மே 7 முதல் இ-பாஸ். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சீசனுக்கு நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி, கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பு கட்டியது. சீசன் கூட்டத்தை நம்பி ஹோம்ஸ்டே, சாக்லேட் கடை, டீ ஸ்டால் போட நினைப்பவர்கள் இதைச் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். உறைபனி மாதங்களில் இலை குறைவு, கையில் நேரம் இருக்கும். செய்முறை பழக அது நல்ல காலம். விற்றுப் பார்க்க ஆடி மாதம்தான் சரி. மழையும் காற்றும் அடிக்கிற அந்த நாட்களில் நாம் கடை போட நினைக்கும் இடத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை எத்தனை பேர் நின்று வாங்குகிறார்கள் என்று ஒரு வாரம் எண்ணிவிட்டு, அதன் பிறகு அட்வான்ஸ் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
வாசகர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.